உண்ணி நோயும் தடுப்பூசியும்: ஒருவருக்கு இட்ட ஊசி ஊரைக் காக்குமா?

(பூண்டுலோயாவில் மாடு வளர்ப்போரும் ஆசிரியர்களும் சுகாதாரத் துறையினரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தடுப்பூசி என்பது நமக்குப் புதிய செய்தியன்று. இலங்கையில் அம்மைப்பால் வைக்கும் முறை 1802-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நம் முன்னோரிற் பல்லாயிரவர் மண்டபம் முகாமில் அடைத்து வைக்கப்பெற்று, அங்கே அம்மை குத்தப்பெற்று, அதன் பின்னரே கப்பலேறி இம்மலைகளுக்கு வந்து சேர்ந்தனர். அந்தப் பெரியம்மை இன்று உலகிலேயே இல்லை. அது ஒழிந்துவிட்டதென 1980-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இளம்பிள்ளை வாதமும் 1993-ஆம் ஆண்டிற்குப் பின்னர் இந்நாட்டுக் குழந்தைகளைத் தீண்டவில்லை.

இவ்வெற்றிகளைக் கண்ட மக்கள் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. “ஊரிற் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டாற் போதும், எஞ்சியவரும் அவர்களுடைய நிழலிலே தப்பிக்கொள்வர்” என்பதே அவ்வெண்ணம். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவும் நோய்களைப் பொறுத்தவரை அதிலே பெரிதும் உண்மை உண்டு. ஆனால், உண்ணியினால் வரும் நோய்களுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. அங்கே ஊசி இட்டவரையே ஊசி காக்கும். இடாதவரை அது எட்டியும் பாராது. இந்த ஒரு வேறுபாட்டை விளக்கி, அதிலிருந்து நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்பதைச் சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

உண்ணியின் இயல்பு

கடுகளவே உள்ள ஒரு பூச்சி, ஓர் எருதைச் சாய்க்கும் நோயைச் சுமக்கும் என்றால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவரும் நம்பியிரார். அமெரிக்காவில் தியோபால்ட் சிமித், கில்போர்ன் என்னும் இருவர், ‘டெக்சாஸ் காய்ச்சல்’ எனப்பட்ட மாட்டு நோயை உண்ணியே பரப்புகின்றது என்பதை 1893-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். மாட்டின் சிறுநீரைச் சிவக்கச் செய்யும் அந்த நோய்க்குக் காரணமான பபேசியா என்னும் நுண்ணுயிர் இரத்தத்தின் செவ்வணுக்களைச் சிதைக்கின்றது.

உண்ணி நோய்களின் உறைவிடம் காடும், புல்வெளியும், விலங்கின் உடலுமாகும். நோய்க்கிருமி உண்ணியிலிருந்து எலிக்கும், குரங்கிற்கும், மாட்டிற்கும் செல்லும். அவற்றிலிருந்து மீண்டும் உண்ணிக்கு வரும். சில கிருமிகள் தாய் உண்ணியின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும். மனிதன் இச்சுழலின் நடுவே தற்செயலாகக் கால் வைப்பவன். ஆகவே, ஊரார் ஆயிரம் பேரில் தொள்ளாயிரம் பேர் ஊசி ஏற்றிக்கொண்டாலும் காட்டிலுள்ள உண்ணிகளில் ஒன்றேனும் குறையாது. எஞ்சிய நூறு பேரும் விறகுக்குப் போனால், முன்னிருந்த அதே ஆபத்து அவர்களுக்காகக் காத்திருக்கும்.

இது வெறும் ஊகமன்று. ஒரு நாட்டின் கணக்கேடுகளே இதற்குச் சான்று.

ஆஸ்திரியா கண்ட பயன்

ஐரோப்பாவின் நடுவிலுள்ள ஆஸ்திரியாவில், உண்ணி கடிப்பதால் வரும் மூளைக்காய்ச்சல் ஒரு காலத்தில் பெருந்தொல்லையாக இருந்தது. 1979-ஆம் ஆண்டில் மட்டும் 677 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். எழுபதுகளில் தடுப்பூசி கிடைத்தது. ஆனால் 1980-இல் மக்களில் நூற்றுக்கு ஆறு பேரே அதை ஏற்றிக்கொண்டிருந்தனர். 1981 முதல் அந்நாட்டவர் ஆண்டுதோறும் பெரும் இயக்கமாக ஊசி ஏற்றத் தொடங்கினர். 2001-இல் நூற்றுக்கு எண்பத்தாறு பேர் ஊசி பெற்றிருந்தனர். நோயுற்றோர் தொகை 1999-இல் 41 ஆகக் குறைந்திருந்தது.

இதனினும் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஊசி ஏற்றிக்கொள்ளாத ஆஸ்திரியரை மட்டும் தனியே பிரித்து ஆராய்ந்தபோது, இலட்சம் பேருக்கு எத்தனை பேர் என்னும் நோயின் வீதம், தடுப்பூசி வருவதற்கு முன்னிருந்த அளவிலேயே நிற்கக் கண்டனர். அதாவது, அயலார் ஏற்றிய ஊசியால் இவர்களுக்குக் கிட்டிய பயன் யாதும் இல்லை! அண்டை நாடாகிய செக்கில், ஊசி ஏற்றியோர் சிலராயிருந்த காலத்தில் நோய் குறையவும் இல்லை. ஆஸ்திரியாவிலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2020-ஆம் ஆண்டில் நோயுற்றோர் தொகை மீண்டும் இருநூற்றைத் தாண்டியது. காட்டிலே உண்ணி உயிரோடிருக்கும் வரை ஊசியின் வேலையும் முடிவதில்லை.

கியாசனூர் கற்பிக்கும் பாடம்

இனி நமக்கு அருகிலுள்ள ஒரு மலைநாட்டிற்கு வருவோம். கன்னட நாட்டின் மேற்கு மலைத்தொடர்ப் பகுதியை அம்மக்கள் ‘மலெநாடு’ என்றே வழங்குவர். அங்கே சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் 1957-ஆம் ஆண்டு குரங்குகள் செத்து விழுந்தன. பின்னர் காட்டோரச் சிற்றூர்களில் மனிதருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. தலைவலியும், தசை நோவும், சிலருக்கு இரத்தப் போக்கும் உண்டாயின. பூனாவிலிருந்த வைரசு ஆராய்ச்சி நிலையத்தார் நோய்க்கிருமியைப் பிரித்தெடுத்தனர். அது ஐரோப்பிய மூளைக்காய்ச்சற் கிருமிக்கு உறவினதாகவே இருந்தது. அதைச் சுமப்பது காட்டு உண்ணி. நோயுற்ற நூறு பேரில் மூவர் முதல் ஐவர் வரை மாள்வர் என்பது பொதுக் கணக்கு.

அங்கே நோய்க்கு இலக்கானோர் யாவர்? விறகு பொறுக்குவோர், சருகு வாருவோர், மாடு மேய்ப்போர், தோட்டக் கூலிகள் ஆகியோர். 1982-83-ஆம் ஆண்டுகளில் தென்கன்னட மாவட்டத்தில் காட்டை வெட்டி முந்திரித் தோட்டம் அமைத்த இடத்திலே நோய் வெடித்துக் கிளம்பியது. நூற்றுக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தனர், பலர் மாண்டனர். காட்டை அழித்துத் தோட்டமாக்கிய வரலாற்றிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இச்செய்தியின் பொருள் எளிதில் விளங்கும்.

இந்நோய்க்கும் தடுப்பூசி உண்டாயிற்று. முதலில், உறவுடைய வேறொரு நோய்க்கென ஆக்கப்பட்ட ஊசியை ஐம்பதுகளின் இறுதியில் இட்டுப் பார்த்தனர், அது காக்கவில்லை. பின்னர் இக்கிருமியையே கோழிக்கரு அணுக்களில் வளர்த்து, போர்மலின் கொண்டு கொன்று, ஓர் ஊசி மருந்தை ஆக்கினர். 1990 முதல் 1992 வரை நடந்த கள ஆய்வில் ஒரு முறை ஏற்றியவர்களுக்கு நூற்றுக்கு 79 அளவிலும், இரு முறை ஏற்றியவர்களுக்கு நூற்றுக்கு 93 அளவிலும் காப்புக் கிடைத்ததெனக் கண்டனர். மகிழத்தக்க செய்தியன்றோ?

ஆயினும் பின்னர் நிகழ்ந்தது யாது? 2005 முதல் 2010 வரையான பதிவேடுகளை ஆராய்ந்தபோது, ஒரே முறை ஏற்றிய ஊசியால் பயன் இல்லையென்றும், இரு முறை ஏற்றினால் நூற்றுக்கு 62 அளவே காப்பென்றும், அதன் மேல் ஊக்க ஊசியும் ஏற்றினாற்றான் 83 அளவுக்கு உயர்கிறதென்றும் தெரிந்தது. ஊக்க ஊசியையோ ஆண்டுதோறும், ஐந்தாண்டுகள் ஏற்ற வேண்டும். முதல் ஊசி இட்ட இடம் கடுமையாக வலித்தமையால் இரண்டாவதற்கு வராதோர் பலர். ஊசி பெற்றோரின் தொகையும் குறைவு. இந்நிலையில், 2012-இல் தமிழ்நாட்டின் எல்லையை அடுத்த பந்திப்பூரிலும், அதன் பின்னர் நீலகிரியிலும் வயநாட்டிலும், 2015-16-இல் கோவாவிலும் மகாராட்டிரத்திலும் இந்நோயின் சுவடு தென்பட்டது. ஈற்றில், மருந்தின் வீரியம் சோதனையில் தேறவில்லையென 2022-ஆம் ஆண்டில் அவ்வூசியே நிறுத்தப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதிய ஊசியை ஆக்கும் பணியைக் கையேற்றது. 2024-இன் முதல் மாதங்களில் நோய் மலெநாட்டில் மறுபடியும் பெருகியது.

கணக்கு என்ன சொல்லுகிறது?

நூற்றுக்கு அறுபத்திரண்டு காப்பு என்றால் என்ன பொருள்? ஊசி இல்லாதிருந்தால் நூறு பேர் நோயுறும் இடத்தில், ஊசியினால் அறுபத்திரண்டு பேர் தப்புவர். முப்பத்தெட்டுப் பேர் தப்பார். இப்போது ஊராரில் பாதிப் பேரே ஊசி பெற்றனரென்று வைத்துக்கொள்வோம். ஊசி பெறாத பாதிப்பேருக்கு அயலார் ஊசியால் நன்மை இல்லை என்பதை முன்னரே கண்டோம். எனவே, ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நோய் குறைவது நூற்றுக்கு முப்பத்தொன்று மட்டுமே. காலிற் பேர் ஊசி பெற்றிருந்தால் நூற்றுக்குப் பதினைந்தோ பதினாறோ குறையும். ஓர் ஆண்டு மழை முந்தினாலும் பிந்தினாலும் அவ்வளவு ஏற்றத்தாழ்வு தானாகவே வந்துவிடும். “ஊசி போட்டும் பயனில்லையே” என்று மக்கள் பேசத் தொடங்குவர்.

ஊசி பயனற்றதா? அன்று. வீரியம் குறைந்த மருந்து, முடிவுறாத முறைகள், எட்டாத வீடுகள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பெருக்கிப் பயனைக் கரைத்துவிட்டன. ஆஸ்திரியாவிலே இம்மூன்றும் சீராயிருந்தன. மலெநாட்டிலே மூன்றும் குறையாயிருந்தன. கிருமிகள் இரண்டும் ஒரே குடும்பத்தவை; ஊசிகள் இரண்டும் ஒரே வகையின. ஆயினும் ஒன்று நாட்டு மக்கள் அனைவரையும் நோக்கிச் சென்றது. மற்றொன்று காட்டோரத்துக் கூலி மக்களின் வாசலிலே தயங்கி நின்றது. இந்த வேறுபாட்டை விஞ்ஞானத்தின் தலையிலே சுமத்துவது நீதியாகாது. அது ஆட்சி முறையின் வேறுபாடு.

கூலி மகனின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஊசி ஏற்றிய மறுநாள் கை வீங்கி வலித்தால் அவனுக்கு அன்றையப் பேர் போய்விடுகிறது. இரண்டாவது ஊசிக்கு அவன் வரவில்லை என்று குறிப்பேட்டில் எழுதுவது எளிது. ஏன் வரவில்லை என்று வினவுவாரைத்தான் காணோம். சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் ஓய்வு கொடுத்திருந்தால் எத்தனை பேர் மறுமுறையும் வந்திருப்பர்!

நம் மலைகளின் நிலை

கியாசனூர்க் காய்ச்சல் இலங்கையில் நிலைகொண்டதாக அறியப்படவில்லை. எனவே எவரும் அஞ்சித் துடிக்க வேண்டியதில்லை. ஆனால் நம் மலைகளில் வேறோர் உண்ணிக் காய்ச்சல் உண்டு. ரிக்கெட்சியா என்னும் கிருமியால் வருவது அது; பேராதனையைச் சேர்ந்த மருத்துவ அறிஞர்கள் கண்டி முதலான மத்திய மலைப்பகுதி நோயாளரிடம் அதனைப் பலமுறை கண்டு எழுதியுள்ளனர். காய்ச்சலும் தலைவலியும் மூட்டு நோவும் முதலில் வரும். சில நாள் சென்று உடலிலும், உள்ளங்கை உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் தோன்றக்கூடும்.

இதற்குப் பயன்பாட்டிலுள்ள தடுப்பூசி இல்லை. இதன் உறவினதான நோயொன்றிற்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1924-ஆம் ஆண்டில் உண்ணிகளையே அரைத்து ஊசி மருந்து ஆக்கினர். அந்நாளில் அதனால் உயிர் பிழைத்தோர் உளர். ஆனால் நாற்பதுகளின் இறுதியில் இக்கிருமியைக் கொல்லும் மருந்துகள் வந்த பின்னர் அவ்வூசியின் தேவை குறைந்து மறைந்தது. டொக்சிசைக்கிளின் என்னும் மருந்து காலத்தோடு கிடைத்தால் இன்று நோயாளர் விரைவில் தேறுவர். எனவே, இங்கே உயிர் காப்பது ஊசியன்று. காய்ச்சல் கண்டவுடன் வைத்தியரிடம் செல்வதும், ‘மலையிலே புல்லறுத்தேன், மாட்டில் உண்ணி பிடுங்கினேன்’ என்று அவரிடம் சொல்வதுமே ஆகும். உண்ணி கடித்ததை எல்லோரும் உணர்வதில்லை. ஆதலால் வைத்தியரும் அதனை வினவவேண்டும்.

அடுத்து மாட்டிற்கு வருவோம். லயத்துக்குப் பின்னாலுள்ள ஒரு பட்டியிலே கட்டியிருக்கும் கறவை மாடு, நம் குடும்பங்கள் பலவற்றிற்கு இரண்டாவது சம்பளம். மரக்கறித் தோட்டத்திற்கு எருவும் அதுவே. குளிர் நாட்டு இன மாடுகள் பால் மிகுதியாகத் தரும். ஆனால் உண்ணி நோய்களைத் தாங்கும் வலிமை அவற்றிற்கு மிகக் குறைவு. உண்ணியில்லாத நாட்டிலே வளர்ந்த பசுவை இறக்குமதி செய்து உண்ணியுள்ள புல்வெளியில் விட்டால், அது விழுவதற்கு நெடுநாள் செல்லாது. இளங்கன்றுகளுக்கோ பபேசியாவைத் தாங்கும் ஆற்றல் சில மாதங்கள் வரை இயற்கையாகவே உண்டு.

மாட்டிற்கான ஊசிகள் உலகில் உள்ளன. ஆஸ்திரேலியாவின் குவீன்சிலாந்து அரசாங்கம் வீரியம் தணிந்த பபேசியாவைக் கொண்ட ஊசி மருந்தை 1964 முதல் வாக்கோல் என்னுமிடத்தில் ஆக்கி வந்தது. இந்தியாவிலே கலப்பினப் பசுக்களை மாய்க்கும் தைலீரியா நோய்க்கு ஐதராபாத்தில் ஊசி மருந்து ஆக்கப்பெற்றது. திரவ நைதரசன் நிரப்பிய கலத்திலே வைத்துக் கொண்டு செல்ல வேண்டியதாக இருப்பதே அதன் இடர். இவை யாவும் ஊசி பெற்ற மாட்டை மட்டுமே காப்பவை.

இந்த விதிக்கு விலக்கான ஊசி ஒன்றும் உண்டு. 1993-இல் கியூபாவிலும், அடுத்த ஆண்டில் ஆஸ்திரேலியாவிலும் வெளிவந்த அவ்வகை ஊசி, நோய்க்கிருமியை விட்டு உண்ணியையே தாக்குகின்றது. ஊசி பெற்ற மாட்டின் இரத்தத்தை உறிஞ்சும் உண்ணியின் குடல் கெடும். அது இடும் முட்டைகள் குறையும். ஆகவே மேய்ச்சல் நிலத்தில் உண்ணிப் பெருக்கம் தணிந்து, அயலவன் மாட்டிற்கும் ஓரளவு நன்மை கிட்டும். உண்ணி மருந்தின் செலவும், மாடுகளுக்கு வரும் பபேசியா நோயும் குறைந்தனவெனக் கியூபா அறிவித்தது. ஆனால் அதுவும் தனித்து நில்லாது. உண்ணி மருந்தோடும் மேய்ச்சல் ஒழுங்கோடும் சேர்ந்தே பயன் தந்தது.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, கணக்கு. நம் பிரிவில் எத்தனை மாடுகள் எந்தக் கிருமியால் மாண்டன? எத்தனை பேர் புள்ளிக் காய்ச்சலுடன் ஆசுபத்திரிக்கு வந்தனர்? கணக்கு இல்லாத இடத்தில் வீதம் ஏது? வீதம் தெரியாத இடத்தில் ஊசி பயன் தந்ததா இல்லையா என்று எவர் சொல்ல முடியும்? இதே பூண்டுலோயாவில் வாழ்ந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் என்னும் தோட்டத்துரை, பயிரை அரிக்கும் செதிற்பூச்சிகளைத் தேடித் தேடி ஆராய்ந்து, 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாகப் பெருநூலொன்றை வெளியிட்டார். தேயிலையை அண்டும் பூச்சிக்கு இவ்வூரில் காட்டப்பெற்ற அக்கறையை, தொழிலாளியையும் அவன் பசுவையும் அண்டும் பூச்சிக்கும் காட்டுமாறு கேட்பது மிகையாகுமா?

இரண்டாவது, சோதனை. தைலீரியாவிலேயே இனங்கள் பல; ஓர் இனத்திற்கான ஊசி மற்றோர் இனத்தைத் தடுக்காது. நோயுற்ற மாட்டின் இரத்தத்தை ஆராய்ந்து கிருமி இன்னதென அறிந்த பின்னரே, எந்த ஊசியை வரவழைப்பது என்று மிருக வைத்தியத் துறையினர் முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, வீரியம். எந்த மருந்து வந்தாலும், அது சோதனையில் தேறியதா என்பதை ஊசி பெறுவோர் அறியும் உரிமை உண்டு. மலெநாட்டு மக்களைப் போல நாமும் பல்லாண்டு சென்ற பின்னர் அறியலாகாது.

நான்காவது, கடைசி வீடு. ஊசி பட்டணத்திலே நின்று அழைக்கலாகாது. மேல் டிவிசன் லயத்துப் பட்டி வரை அது ஏறி வருதல் வேண்டும். இரண்டாம் முறைக்கும், மூன்றாம் முறைக்கும் வருதல் வேண்டும். அந்நாளில் எவருடைய பேரும் வெட்டப்படலாகாது.

நம் கடமையும் உண்டு. மாட்டின் காதடியையும் மடியையும் வாலடியையும் நாள்தோறும் தடவிப் பாருங்கள். பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். பட்டியின் வெடிப்புகளைப் பூசுங்கள். புல்லறுத்து வந்ததும் பிள்ளைகளின் தலையையும் அக்குளையும் பாருங்கள். ஊசி இல்லாத நோய்க்கு இதுவே காப்பு. ஊசியுள்ள நோய்க்கும் இதுவே துணை.

தோழர்களே! பெரியம்மையில் ஊரார் பலரின் காப்பு எஞ்சிய ஒருவனுக்கும் நிழலாயிற்று. உண்ணி நோயில் அந்த நிழல் இல்லை. நூறு வீட்டில் தொண்ணூறு வீடு காக்கப்பட்டதென்று அறிக்கை எழுதுவோர் மகிழலாம். எஞ்சிய பத்து வீட்டாருக்கு ஆபத்து முழுமையாகவே இருக்கும். அந்தப் பத்து வீடுகள் பெரும்பாலும் எவருடையவை என்பது உங்களுக்குத் தெரியும். ஆதலால் தடுப்பூசித் திட்டம் எதனையும் அதன் தொடக்க விழாவைக் கொண்டு அளவாதீர்கள். அது எட்டாத வீடுகளை எண்ணி அளவுங்கள்.